நான்காம் மாடிக்கு ஏற்ற பிராணி

1

போன வாரம் திருச்சியிலிருந்து என் தங்கை கலா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். புதிதாக அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோயிருக்கிறாள். ஏதாவது ஒரு பிராணி வாங்கித் தந்தே ஆகவேண்டும் என்று அவள் மகன் ஒற்றைக்காலில் நிற்கிறானாம்.

"நாய் மட்டும் வேணாம்னு இவரு கண்டிஷனா சொல்லிட்டாருக்கா. நீதான் மலேசியாவுல இத்தனை வருஷமா பிளாட்டுலயே இருக்கியே, பிளாட்டுக்கு எது தோதுப்படும், சொல்லேன்."

இரண்டு முறை கேட்டேன். பதில் அனுப்பவில்லை. அக்காவுக்கு வெளிநாட்டுத் திமிர் என்று அவள் நினைத்திருப்பாள். பிளாட்டுக்கு எந்தப் பிராணி தோதுப்படும் என்பதைப் பற்றி என்னை விட அதிகமாக யோசித்தவள் எங்கள் துறையூர்த் தாலுகாவிலேயே இருக்க மாட்டாள். அதனால்தான் இரண்டு வரியில் பதில் எழுத முடியவில்லை.

மலேசியா என்றதும் ஊரில் எல்லோருக்கும் அந்த இரட்டைக் கோபுரம்தான் கண்ணுக்கு வரும். நாங்கள் இருப்பது கோலா சிலாங்கூர் பக்கத்தில், லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடத்தில், நான்காவது மாடி. சமையலறை ஜன்னலில் ஒரு டயர் கடையும் அதற்குப் பின்னால் எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைத் தோப்பும் தெரியும். இது ஆற்றோரம் மின்மினிப் பூச்சி பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிற ஊர். பதினான்கு வருடத்தில் நான் ஒரு தடவையும் போய்ப் பார்க்கவில்லை. என் கணவர் முரளி லோரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மகள் தர்ஷினிக்குப் பன்னிரண்டு வயது. போன வருடத்திலிருந்து முரளியின் அப்பாவும் எங்களோடு இருக்கிறார். நான் அவரை மாமா என்று கூப்பிடுகிறேன். பிராணி தேடியது அவருக்காகத்தான்.

2

மாமா பிறந்ததே தோட்டத்தில். ரப்பர் இருந்த காலத்தில் பால் வெட்டினார், செம்பனை வந்த பிறகு மண்டோராக இருந்தார், அதாவது வேலையாட்களை மேய்க்கிறவர். ஓய்வு பெற்ற பிறகும், தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீட்டில்தான் இருந்தார். போன வருடம் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். லயத்தைக் காலி செய்யச் சொல்லித் தேதி குறித்து ஒட்டினார்கள். பன்னிரண்டு குடும்பமும் ஆளுக்கொரு பக்கம் போயின. மாமா தன் பழைய மோட்டார் சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டு, ஒரு பெட்டி, ஒரு சாமி படத்தோடு எங்கள் நான்காம் மாடிக்கு ஏறி வந்தார்.

நாய்கள் அங்கேயே நின்றுவிட்டன. நான்கு.

வந்த மறுநாள் காலையில் மாமா, மிஞ்சிய சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு மோட்டாரை எடுத்தார். தோட்டம் இங்கிருந்து அரை மணி நேரம். அவருக்கு ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறது, இன்னொன்றில் எடுக்க வேண்டும். அந்தச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் தலைதெறிக்க ஓடும். முரளியே லோரிக்காரர்தான், அவரே பயந்தார். "அப்பா, வேணாம்ப்பா, நாய்ங்க எப்படியாச்சும் பொழைச்சுக்கும் லா" என்று சொல்லிப் பார்த்தார். மாமா தலையை ஆட்டுவார். மறுநாள் காலையில் பொட்டலம் தயாராக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். லயத்தில் கூரைத் தகரம் இல்லை, கதவு ஜன்னல் நிலைகளைக்கூடப் பெயர்த்துப் போயிருந்தார்கள். மோட்டார் சத்தம் கேட்டதும் நான்கும் ஓடிவந்தன. அந்தக் காலத்தில் விடிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்களாம். மாமா அப்படித்தான் கூப்பிட்டார். கருப்பி, டைகர், மணி, ஜிம்மி. பெயர் கூப்பிட்ட பிறகுதான் அதனதன் பங்குக்கு ஒவ்வொன்றும் வாய் வைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"இதுல எது மாமா நம்ம வீட்டு நாய்?" என்று கேட்டேன்.

"நம்ம வீட்டு நாயின்னு எதும்மா? லயத்து நாயிங்க. பன்னெண்டு வீட்டுலயும் சாப்டுச்சுங்க, பன்னெண்டு வீட்டுக்கும் பன்னியும் பாம்பும் வராம பாத்துக்கிச்சுங்க. இதுல யாரு நாயின்னு எப்படிச் சொல்றது?"

அடுத்த மாதம் மாமா விழுந்தார். பின்னால் வந்த லோரி ஹாரன் அடித்ததில் தடுமாறிச் சாலையோரத்து வாய்க்காலில் மோட்டாரோடு இறங்கிவிட்டார். முகம் தெரியாத ஒரு மலாய்க்காரர் தன் வேனில் ஏற்றிக்கொண்டுவந்து, நான்கு மாடியும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து விட்டுப் போனார். முட்டி இரண்டும் உரிந்திருந்தன. "லோரி அரை முழம் தள்ளிப் போச்சு" என்று மாமா ஏதோ பஸ்ஸைத் தவறவிட்ட கதை மாதிரிச் சொன்னார். அடுத்த தடவை அரை முழம் இருக்காது என்று நினைத்தேன்.

அப்போதுதான் தர்ஷினி சொன்னாள், "தாத்தாவுக்கு இங்கயே ஒரு பெட் வாங்கிக் குடுங்க லா அம்மா. தென் ஹி வோன்ட் கோ." அவளுடைய தமிழ் இப்படித்தான் இருக்கும். என்னுடையது அவளுக்கு சீரியல் தமிழாம். ஆனால் யோசனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

3

ஊரில் நாங்கள் எந்தப் பிராணியையும் தேர்ந்தெடுத்ததில்லை. நாய் தானாக வந்து வாசலில் படுக்கும், இரண்டு நாள் துரத்துவோம், மூன்றாம் நாள் சோறு வைப்போம். இங்கே முதலில் கீழ்த்தளத்து நிர்வாக அலுவலகத்தில் ஒரு தாள் வாங்க வேண்டும். நாய் கூடவே கூடாது. கூண்டில் அடங்குகிற சிறு பிராணி ஒன்று வைத்துக்கொள்ளலாம். சத்தம் போடக்கூடாது, நாற்றம் வரக்கூடாது, நடைபாதைக்கு வரக்கூடாது. பிராணியின் படம் ஒன்று ஒட்டி, பொறுப்பேற்கும் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு இந்த மாதிரித் தாள் புதிதில்லை. நான் இன்னும் இந்த நாட்டில் விசாவில் இருப்பவள். தவணை முடிய முடிய, படம் ஒட்டி, பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் முரளி கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த தவணை. அந்தத் தாளைப் பார்த்தபோது, சத்தம் போடாமல், நடைபாதைக்கு வராமல் இந்தப் பிளாட்டில் தோதாக வாழ்கிற பிராணி நான்தான் என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முரளி வருத்தப்படுவார்.

பூனை முரளிக்கு ஆகாது, மூச்சிரைக்கும். காதல் கிளி என்று ஜோடியாக விற்கிற குட்டிக் கிளிகளைக் கேட்டோம். எதிர்வீட்டு அக்கா பெக்டரியில் இரவு ஷிஃப்ட், பகலெல்லாம் தூங்குவார், அவர் தூக்கத்தை யார் கெடுப்பது? மீன் தொட்டி முன்னால் மாமாவை நிறுத்திப் பார்த்தோம். "இதப் பாக்குறதுக்கு வாஷிங் மெஷினப் பாக்கலாம், அதுலயும் சுத்திக்கிட்டுதான் இருக்கு" என்றார். கடைக்காரச் சீனத்து அம்மா, உள்ளங்கை அளவு ஆமையை எடுத்து நீட்டி, ரொம்ப அதிர்ஷ்டம், வீடு நிறையும் என்றார். ஆமையை வீட்டுக்குள் கொண்டுபோகிறேன் என்று ஊருக்குச் சொன்னால் என் அம்மா போனிலேயே ஒப்பாரி வைத்துவிடுவாள். வேண்டாம் என்று பொதுவாகச் சிரித்துவைத்தேன்.

கடைசியில் ஹேம்ஸ்டர். பழுப்பும் வெள்ளையுமாகக் கைக்குள் அடங்குகிற பிராணி. கலாவுக்கு உண்மையிலேயே பதில் வேண்டுமென்றால், இது தோதுப்படும். மரத்தூளை வாரம் ஒரு முறை மாற்றினால் நாற்றமில்லை, சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சத்தமில்லை. இரண்டு வருடம்தான் உயிரோடு இருக்குமாம், அதை மட்டும் பையனிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

4

கூண்டைக் கொண்டுவந்து மாமா முன்னால் வைத்தோம். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஏம்மா வாசுகி, இது எலிதானே?"

"இல்ல மாமா. ஹேம்ஸ்டர்."

"எலிதான்" என்றார் தீர்மானமாக. "செம்பனைக் காய அரிக்கிறதுக்குன்னே பொறந்த ஜாதி. முப்பது வருசமா நான் இதுக்கு மருந்து வெச்சிருக்கேன். கொல்றதுக்கு எனக்குச் சம்பளம் குடுத்தான். நீ டுயிட் குடுத்து வாங்கிட்டு வந்திருக்கியே!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். தர்ஷினிக்கு முகம் சுருங்கிவிட்டது. "தாத்தா! நோ பாய்சன், ஓகே?" என்று கூண்டை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஆயுள் முழுக்க எலியை ஒழித்த மனிதருக்கு ஆறுதலாக ஓர் எலியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

ஆனாலும் மாமா அதற்கு நாலு சூரியகாந்தி விதை போட்டார். தண்ணீர்ப் போத்தலைச் சரியாகத் திருப்பி மாட்டினார். மறுநாள் காலையில் சோற்றுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்துப் படியிறங்கினார்.

"மாமா, இன்னும் புண்ணே ஆறல."

"இதுக்குத் தீனி பெட்டியிலயே இருக்கும்மா. அதுங்களுக்கு யாரு இருக்கா?"

5

என் அப்பா தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவர். படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே, காலியாக விட்டால் அதிகாரி கேள்வி கேட்பான், கேள்வி வந்தால் வேலை நடக்காது என்பார். எந்தக் கட்டத்துக்கு எது தொல்லை இல்லாத பதிலோ அதை எழுது என்பார். இந்த நாட்டில் நான் பிழைத்ததே அந்தப் பாடத்தால்தான். விசா, தர்ஷினியின் பள்ளிக்கூடம், மாமாவின் கண் ஆஸ்பத்திரி எல்லாத் தாளையும் எழுதுவது நான்தான். மலாய் பேசத் தடுமாறுவேன், எழுதத் தடுமாற மாட்டேன்.

மாமா மறுபடி மோட்டார் எடுக்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆனதும், யாரிடமும் சொல்லாமல் நகராண்மை அலுவலகத்துக்கு, நம் ஊர் நகராட்சி மாதிரி, போனேன். காலி செய்த லயத்தில் நான்கு நாய்கள் இருக்கின்றன, அவற்றை எடுத்துக்கொண்டுபோய் எங்காவது வைத்துக்கொள்ள முடியுமா என்று என்னுடைய உடைந்த மலாயில் கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் இடம் இருக்கிறது என்றார். எந்த மாதிரி இடம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வருகிற பதில் எனக்குப் பிடிக்காது என்று உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். இப்போது யோசித்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

படிவம் ஒரு பக்கம்தான். இடம், எத்தனை நாய், என்ன நிறம், புகார் சொல்பவரின் தொலைபேசி எண். பிறகு, நாயின் உரிமையாளர். பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். பன்னிரண்டு வீட்டு நாய்க்கு அந்தச் சின்னக் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது? மாமா பெயரை எழுதினால், லைசென்ஸ் எங்கே, இத்தனை வருடம் ஏன் எடுக்கவில்லை என்று வீட்டுக்கு ஆள் வருவார்கள். இன்னும் இரண்டு மாதத்தில் என் விசாத் தவணை வேறு. காலியாகவும் விடக்கூடாது.

இல்லை என்று எழுதினேன். மலாயில், பெரிய எழுத்தில், கட்டத்துக்குள் அழகாக அடங்குகிற மாதிரி.

6

நாலைந்து நாள் கழித்து மாமா சீக்கிரமே திரும்பி வந்தார். பொட்டலம் பிரிக்காமல் கையில் இருந்தது. "எங்கயாச்சும் மேயப் போயிருக்கும்ங்க" என்றார். மறுநாளும் பொட்டலம் திரும்பி வந்தது. அதற்கடுத்த நாள், தோட்டத்து முச்சந்தியில் மளிகைக் கடை வைத்திருக்கிற மலாய்க்காரர் அவரிடம் சொல்லிவிட்டார், நகராண்மை லோரி வந்தது, சுருக்குப் போட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று.

இரண்டு நாள் மாமா எங்கும் போகவில்லை. நாற்காலியில் கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வேறு இடத்தில் நாற்காலி போட வசதியில்லை, அவ்வளவுதான். தர்ஷினி அதைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். ரோட்டிலிருந்து முரளி போன் போட்டார். "நல்ல வேலை செஞ்சே வாசு. அந்த எலி உண்மையிலேயே வேலை செய்யுது லா!" என்றார். நான் ம் என்றேன். அந்த ஒரு ம்முக்கு என்னை நானே அறைந்துகொண்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அந்த ஆபிசுக்கு என்கூட வர்றியாம்மா? எனக்கு ஃபாரம் எழுத வராது. நீதான் நல்லா எழுதுவே."

கையில் சோற்றுப் பொட்டலம் இருந்தது.

7

கவுன்டரில் அன்றைக்கு வேறு ஆள். முக்காடு போட்ட இளம்பெண், பொறுமையானவள், மாமாவை அங்கிள் என்றே கூப்பிட்டாள். உள்ளே போய்க் கேட்டுவந்து சொன்னாள். யாரும் கேட்டு வராத நாய்களை வைத்திருக்கிற கெடு மூன்றுக்கு முடிந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவள் மாமாவைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள். தோப்புக்குள் ஓடி ஒளிந்த நான்காவதைப் பிடிக்க இரண்டு நாள் கூடுதலாயிற்றாம், அதனால் அது மட்டும் இன்றைக்கு வரைக்கும் இருக்கிறது. பழுப்பு நிறம், ஒரு காது மடிந்தது.

"ஜிம்மி" என்றார் மாமா.

கூட்டிப் போகலாம் என்றாள். உரிமையாளர் பெயர், லைசென்ஸ், வேலி போட்ட தரை வீட்டு முகவரி வேண்டும். அங்கிள் எங்கே இருக்கிறீர்கள்? மாமா பிளாட்டின் பெயரைச் சொன்னார். அவள் தலையை மெல்ல அசைத்தாள். மாமா நடைபாதையில் நின்று, ராசா என்கிற ஊரில் இருக்கிற மகளுக்கு, என் நாத்தனாருக்கு, போன் போட்டார். அவள் வாடகை வீட்டில் இருக்கிறாள், நாய் கூடாது என்று வீட்டுக்காரர் எழுதியே வாங்கியிருக்கிறார். அவள் அழுவது எனக்கே கேட்டது. "சரிம்மா, சரிம்மா, அழுவாதே, சும்மாதான் கேட்டேன்" என்று மாமா வைத்துவிட்டார். அந்த வயதில் அந்த மனிதருக்குப் போடுவதற்கு இன்னொரு நம்பர் இல்லை.

திரும்பி வந்து, இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். அந்தப் பெண் கோப்பைப் புரட்டினாள். உரிமையாளர் கட்டம் காலியாக இருந்திருந்தால் அந்த இடத்தில் அறிவிப்பு ஒட்டி விசாரிப்போம், நாளும் கூடக் கிடைத்திருக்கும், இதில் இல்லை என்றே எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லி, அவர் நம்புவதற்காகத் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள்.

மாமாவுக்கு மலாய் படிக்கச் சிரமம். ஆனால் ஒரு வருடமாக ஆஸ்பத்திரித் தாள், பென்ஷன் தாள் எல்லாவற்றிலும் என் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கீழே தன் பெயரைப் போடுகிறார். அடியில் என் தொலைபேசி எண் இருந்தது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகு நேரம் பார்த்தார். எனக்கு அங்கேயே அவர் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. விழவில்லை. கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அங்கிள், நீங்கள்தான் உரிமையாளரா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை" என்றார் மாமா மலாயில். "எழுதியிருப்பது சரிதான்."

பிறகு, சோறு மட்டும் வைத்துவிட்டு வரலாமா என்று கேட்டார். அவள் தானே எழுந்து பின்பக்கம் கூட்டிப்போனாள். நான் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஜிம்மி குரைப்பது கேட்டது, பிறகு நின்றுவிட்டது. மாமா வெறுங்கையோடு வந்தார். வாடகைக் காரில் ஏறிய பிறகு இவ்வளவுதான் சொன்னார்.

"வீட்டுல நான் பேசிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லிக்காதே."

அன்று மாலை முரளியும் வந்திருந்தார். சாப்பாட்டின்போது மாமா பேசிவிட்டார். "நாயிங்கள நான்தான் ஆபிசுல சொல்லிப் புடிச்சிக் குடுத்துட்டேன். தெனமும் போக முடியல. வயசாச்சு." முரளி, நல்லதுப்பா என்று தலையசைத்தார். தர்ஷினி தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். "ஹவ் குட் யூ, தாத்தா? அதுங்க உங்கள நம்புச்சு." ஹேம்ஸ்டர் கூண்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து, இதையும் கொன்றுவிடுவார் என்று அவள் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. மாமா ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

மூன்று வாரமாகிறது. தர்ஷினி இன்னும் அவரோடு பேசவில்லை. அவர் எதிரில் வந்தால் போனைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கிப் போகிறாள். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்திருக்கிறேன். சொன்னால் அவள் என்னோடும் பேசமாட்டாள், ஏற்கெனவே அவள் என்னோடு பேசுவது கொஞ்சம்தான், அதையும் இழக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை. முரளியும் தர்ஷினியும் மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள், தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. அந்தத் துணிச்சலில்தான் இவ்வளவையும் இங்கே எழுதியிருக்கிறேன். இந்த வீட்டில் இதைப் படிக்கத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். அவருக்கு எல்லாம் தெரியும்.